செவலையின் காது வில்லை

எங்கள் செவலைப் பசு வேலிக்குள் தலையை விட்டு, காதிலிருந்த மஞ்சள் அடையாள வில்லையை அறுத்துக்கொண்டு வந்து நின்றது. மடல் கிழிந்து ரத்தம். புண் ஆறிவிடும், கவலை காப்பீட்டைப் பற்றித்தான். வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு வாங்குவது பெரும்பாடு. நல்லவேளை, தடுப்பூசி அட்டையில் அந்த வில்லையின் 12 இலக்க எண் இருந்தது.

கால்நடை மருந்தகத்தில் மறு காதில் புது வில்லை அடித்தார்கள். அப்புறம் புது மாடாகவே பதியப் போனார்கள். விடவில்லை நான். அப்படிப் பதிந்தால் சினை ஊசி, கோமாரி ஊசி விவரமெல்லாம் பழைய எண்ணோடு நின்றுவிடும். மாட்டு விவரங்களைப் பதியும் அரசின் ‘பாரத் பசுதன்’ செயலியில் பழைய எண்ணோடு புதியதை இணைக்க வைத்தேன். காப்பீட்டுக்காரர்களுக்கும் இரண்டு எண்ணையும் எழுதி, காது தெரியும் போட்டோவோடு கொடுத்தேன்.

இப்போது புது எண் கொட்டகைச் சுவரிலும் கரியால் எழுதியிருக்கிறது.