பெண் கடலின் பெயரை நம்பிவிடாதீர்கள்: பாக் விரிகுடாப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேசுவரத்து மக்கள், தீவின் வடபுறம் கிடக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தென்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அழைப்பர். கடற்கரை நீராடுதுறையான அக்னி தீர்த்தத்தில் குளம்போல் அடங்கிக் கிடக்கும் நீரைப் பார்த்துவிட்டு, இந்தப் பெயர் ஆண்டு முழுவதும் பொருந்தும் என்று எண்ணிக்கொள்வதே வெளியூரார் செய்யும் முதல் தவறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார்ப் பக்கம் கொந்தளிக்க, பாக் பக்கம் அமைதியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழாகி, பெண் கடலே கலங்கிச் சீறத் தொடங்கிவிடும். ஆகவே விடுதியை முன்பதிவு செய்யும் முன், போகும் மாதத்தில் எந்தப் பக்கத்தில் காற்று அடிக்கும் என்பதைக் கேட்டறிய வேண்டும். படகில் ஏறும் நாளன்று காலையிலும் அங்குள்ள மீனவர் ஒருவரிடம் அதே கேள்வியை மறுபடி கேட்பது நல்லது.

தனுஷ்கோடிக்கு அப்பால் தீவு முடியும் இடமான அரிச்சல்முனையில் குளிக்க இறங்குவது இதைவிடப் பெரிய தவறு. இரண்டு கடல்களின் நீரோட்டங்களும் அங்கே மோதுவதால் காலடி மணல் நின்ற இடத்திலேயே அரிபடும். முழங்கால் அளவு நீர் ஓரிரு எட்டில் ஆளை மூழ்கடிக்கும் ஆழமாகிவிடலாம். நீச்சல் தெரிந்தவர் என்ற தைரியம் அங்கே உதவாது. ஆழமில்லாத பாக் கரைகளில் இறங்குவோரும் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்க வேண்டும். மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை அந்த அதிர்வை உணர்ந்து விலகிப்போகும். மிதித்துவிட்டாலோ, வாலில் உள்ள முள்ளால் குத்திவிடும்.

பனிக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் தனுஷ்கோடிச் சாலையோர நீர்நிலைகளில் பூநாரைகள் கூடுகின்றன. அவை காலால் சேற்றை மிதித்துக் கலக்கி, அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சிற்றுயிர்களை வடிகட்டித் தின்னும் காட்சியைத் தொலைநோக்கியில் பொறுமையாகப் பார்த்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ஆனால் பலர் சேற்றில் இறங்கி நெருங்குகிறார்கள், அல்லது கூட்டம் எழும்பிப் பறக்கும் படத்துக்காகக் கைதட்டுகிறார்கள். எனக்கு இதைக் காணும்போதெல்லாம் மனம் பதறுகிறது. நெடுந்தொலைவு பறந்து வந்த பறவை, இரை தேடிச் சேர்த்த வலுவை நமது ஒரு படத்துக்காகச் செலவழிக்க நேர்கிறது. பறவைகள் மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்திவிட்டால், நாம் ஏற்கெனவே அளவுக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுவைக் கண்டே தீர வேண்டும் என்று படகோட்டியை நெருக்குவதும் தவறு. பாக் விரிகுடாவின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. என்றாலும் இது எளிதில் கண்ணில் படும் விலங்கு அன்று. கலங்கிய நீருக்கடியில் கடற்புல் மேயும் அது, மூச்சு வாங்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கு நுனியை மட்டும் நீட்டிவிட்டு மறைந்துவிடும். ஒரு பேற்றில் ஒரு கன்று மட்டுமே ஈனும் இந்த உயிரைப் படகின் அடியில் சுழலும் விசிறி வெட்டினால் அந்த இழப்பு ஈடாகப் பல ஆண்டுகள் ஆகும்; ஆழமற்ற இடத்தில் விரட்டிச் செல்லும் படகு அதன் மேய்ச்சலான கடற்புல்லையும் அறுத்தெறிகிறது. அதற்குப் பதிலாக, இராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டில் ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்தும் படகுச் சவாரியில் அலையாத்திக் காட்டையும் அங்கு வந்தமரும் நீர்ப்பறவைகளையும் நிதானமாகப் பார்க்கலாம்.

கடைகளில் விற்கும் எல்லாப் பொருளும் வாங்கத் தக்கவை என்று நினைக்காதீர்கள். பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. கரையில் தானாக ஒதுங்கிய பவளத்துண்டாயினும் பைக்குள் போடாமல் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

ஆண்டின் முதல் சில மாதங்களில் ஆமைகள் முட்டையிட இக்கரைகளில் ஏறும். அந்நாட்களில் இருட்டிய பிறகு மணலில் கைப்பேசி வெளிச்சத்தை அடித்தால், பாதி வழி ஏறிய ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.