பேசினுக்குக் கீழே கபேட்: திரும்பத் திரும்ப விடுகிற பிழைகள்

பாத்ரூமில் கை கழுவுகிற பேசினுக்குக் கீழே கபேட் (சிறு அலுமாரி) பொருத்தத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில்தான் பிழை விடுகிறார்கள். அளவு பிசகினது, கதவு கோணினது எல்லாம் அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும். திருத்தியும் விடலாம். இங்கே சொல்லப்போவது வேலை முடிந்த அன்று வடிவாகத் தெரிந்து, ஒரு மாரி கழிய வெளியே வருகிற பிழைகளை.

பலகையைத் தரையில் நிறுத்துவது

யாழ்ப்பாணத்துப் பாத்ரூம் காய்ந்து கிடக்கிற அறை இல்லை. அதே தரையில்தான் வாளியில் அள்ளிக் குளிக்கிறோம், அதே தரையைத்தான் தும்புத்தடியால் தேய்த்துக் கழுவி ஊற்றுகிறோம். படத்தில் பார்க்கிற, தரையோடு ஒட்டி நிற்கிற கபேட் ஈரம் படாத அறைக்குச் செய்த சாமான்.

கடையில் கிடைப்பவற்றில் கனக்க மெலமைன் (வழுவழுப்பான பிசின் தாள்) ஒட்டிய சிப்போட், இல்லாவிட்டால் எம்.டி.எஃப். மெலமைன் ஒட்டிய முகத்தைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. உள்ளே இருப்பது அமுக்கி ஒட்டிய மரத்துகள். விளிம்பில் பட்டை ஒட்டாத இடத்தால் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும். அமுக்கம் விட்டுத் துகள் விரியும், பசையும் விட்டுப்போகும். பிறகு எவ்வளவு காய்ந்தாலும் பழைய தடிப்புக்கு அது திரும்பாது.

வாங்க முதல் கபேட்டைத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். முன் விளிம்பெல்லாம் வெள்ளைப் பட்டை பளபளக்கும். பக்கப் பலகைகளின் அடி விளிம்பு பட்டை இல்லாமல் மண்ணிறத்தில் வெறுமையாக இருக்கும். கண்ணில் படாத இடம்தானே என்று பட்டறையில் விட்டிருப்பார்கள். தண்ணீர் முதலில் தொடுவது அந்த இடத்தைத்தான்.

அடுத்தது, பைப்புக்காகப் பின்பலகையில் வெட்டுகிற ஓட்டை. அதை வெட்டுவது பட்டறை இல்லை, பொருத்துகிறவர். சதுரமாக அறுத்து, தூளை ஊதிவிட்டு, அப்படியே சுவரோடு தள்ளிவிடுவார். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் அங்கிள் வால்வின் (பேசினுக்கு வருகிற தண்ணீரைப் பூட்டித் திறக்கிற, சுவரில் உள்ள சிறு வால்வு) கழுத்தில் வெள்ளையாகப் படியும். வால்வைச் சுற்றிச் சொட்டு ஈரம் என்றாவது வரும். அது இறங்குவது நேரே அந்த வெட்டு விளிம்பில்.

முதல் அறிகுறி கதவில் தெரியும். கீழ் மூலை உரசத் தொடங்கும். வீட்டுக்காரர் பிணைச்சல் ஸ்குரூவைத் திருகுவார், இரண்டு கிழமைக்குச் சரியாக இருக்கும், திரும்ப உரசும். பிணைச்சலில் ஒரு குற்றமும் இல்லை. பக்கப் பலகை அடியில் பருத்துப் பெட்டியையே கோணலாக்கிவிட்டது. அதற்குப் பிறகு விளிம்பு நனைந்த பாண் போலப் பிரியும். ஈரப் பலகையைத் தேடிக் கறையானும் வரும். மேலே கிரனைட்டும் அதில் பேசினும் ஏற்றியிருந்தால் கபேட்டை மட்டும் கழற்ற ஏலாது. சிலிக்கனை அறுத்து, கல்லைக் கிளப்பி, பேசின் வெடிக்காமல் இறக்க வேண்டும். பலகையில் மிச்சம் பிடித்த காசு அங்கே பல மடங்காகப் போகும்.

எரிச்சல் வருவது பொருத்துகிறவர் இப்படிச் சொல்லுகிற இடத்தில்: "சுத்திவரச் சிலிக்கன் அடிச்சுவிட்டா ஒண்டும் ஆகாது அண்ணை." ஆகும். பட்டை ஒட்டாத விளிம்பில் தூசி இருக்கிற வரை சிலிக்கன் பிடிக்காது. பிடித்தாலும், உள்ளே வால்வு கசிந்தால் அந்தத் தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் அடியிலேயே தேங்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இயலுமானால் சுவரில் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து 10 அங்குலம் விட்டால் தும்புத்தடி தாராளமாகப் போகும். நிற்கிற கபேட் என்றால் 4 அங்குலப் பிளாஸ்ரிக் கால், திருகி உயரம் மாற்றக்கூடியது. பாத்ரூம் தரை தண்ணீர் ஓடவென்று சரிவாகத்தான் இருக்கும். காலுக்கு அடியில் மரத்துண்டு வைத்து மட்டம் எடுத்தால் அந்தத் துண்டு முதலில் உக்கும். பைப் ஓட்டையைப் பைப்பின் அளவைவிட 10 மி.மீ. பெரிதாக, ட்ரில்லில் போடுகிற வட்ட ஓட்டை வாளால் (ஹோல் சோ) வெட்டுங்கள். வெட்டின விளிம்பை அரத்தாளால் தேய்த்து, தூள் துடைத்து, எனமல் பெயின்ற் இரண்டு பூச்சு. முதல் பூச்சைப் பலகை உறிஞ்சிவிடும், அதனால்தான் இரண்டு. அடி விளிம்புக்கும் அதே வேலை.

சிப்போட்டுக்குப் பதிலாக பி.வி.சி. ஃபோம் போட் (பிளாஸ்ரிக் பலகை) எடுத்தால் ஊறாது, உண்மை. ஆனால் ஸ்குரூவை இறுக்கிப் பிடிக்காது. ட்ரில்லால் ஓங்கித் திருகினால் புரி சுத்திவிடும், கையால் முடியுங்கள். பிணைச்சல் வருகிற இடத்துக்குப் பின்னால் மரைன் பிளை (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) துண்டு ஒன்று ஒட்டிவிடுங்கள். கல் மேசையின் பாரத்தை அந்தப் பலகையில் விடாமல் சுவரில் இரும்பு பிறக்கற் அடித்து ஏற்றுங்கள்.

கழிவுப் பைப்பின் உயரம் பாராமல் கபேட் எடுப்பது

தரையிலிருந்து, கழிவுப் பைப் போகிற சுவர் ஓட்டையின் நடு வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். மேலே லாச்சி உள்ள கபேட் என்றால் லாச்சி போய் ட்ராப்பில் (பேசினுக்குக் கீழே வளைந்து நிற்கிற கழிவுப் பைப்) முட்டும். பழைய பேசினைவிடப் பதிவாகப் புதியது வந்தால் ட்ராப்பின் வாய் சுவர் ஓட்டைக்குக் கீழே போய்விடும். அப்போது சுருள் பைப்பை வளைத்து மேல் நோக்கி இழுப்பார்கள். அந்த வளைவில் மயிரும் சவர்க்காரமும் கட்டும். கழிவு ஓடுவதற்கு ஒரு அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். சரிவு கிடைக்காவிட்டால் கபேட்டின் உயரத்தை மாற்றுங்கள்.

பைப் ஓடுகிற கோட்டில் துளைப்பது

அங்கிள் வால்வுக்கு நேர் மேலும் நேர் கீழும் ட்ரில் வைக்கவே வேண்டாம். இரண்டு வால்வுக்கும் இடைப்பட்ட கிடைக்கோடும் சந்தேகம்தான். புது வீடு என்றால் ரைல்ஸ் ஒட்ட முதல், அளவு நாடாவைச் சுவரில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். துளைக்கிறபோது ரைல்ஸ் தாண்டும் வரை ட்ரில்லில் ஹாமரை (இடித்துத் துளைக்கிற முறை) போடாதீர்கள். தொங்குகிற கபேட்டுக்கு 10 மி.மீ. ரோல் பிளக் (ஸ்குரூ பிடிக்கத் துளைக்குள் போடுகிற பிளாஸ்ரிக் குழல்), துருப்பிடிக்காத ஸ்குரூ. பிளக் சுவருக்குள் போக வேண்டும், ரைல்ஸ் தடிப்பில் நின்றால் இறுக்கும்போது ரைல்ஸ் வெடிக்கும். உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல் என்றால் சாதாரண பிளக் சும்மா சுத்தும். இரசாயனப் பசை ஊற்றும் அங்கர் போடுங்கள்.

ஹோஸ் முனையில் திரெட் ரேப்

வால்விலிருந்து பேசினுக்குப் போகிற ஹோஸின் முனையில் அந்த வெள்ளை நாடா வேண்டாம். அங்கே அடைப்பது உள்ளே இருக்கிற றப்பர் வொஷர். ரேப் வால்வின் சுவர்ப் பக்கத்துக்கு.

வால்வைக் கைக்கு எட்டாமல் மறைப்பது

இடைத்தட்டு போட்டு மறைத்த வால்வை ஒருவரும் தொடமாட்டார்கள். உப்புப் படிந்து இறுகி, பைப் உடைகிற அன்றைக்கு மேல் தாங்கியைத்தான் பூட்ட வேண்டிவரும். கை போகிற இடம் விடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூட்டித் திறக்கச் சொல்லுங்கள்.

சிலிக்கன் காய முதல் தண்ணீர்

24 மணித்தியாலம். போகும்போது வால்வைப் பூட்டிவிட்டுப் போங்கள், சொன்னாலும் வீட்டுக்காரர் திறந்து பார்ப்பார்.