இடைக்கால இஸ்லாமிய ஆட்சிகளில் சிறுபான்மையினர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லோரும் செய்கிற பெரிய தவறு, முஸ்லிம் ஆட்சியில் யூதர்களும் கிறிஸ்தவர்களும் நிம்மதியாக இருந்தார்கள், அல்லது கொடுமைப்பட்டார்கள் என்று, ஸ்பெயின் முதல் ஈராக் வரை பல நூற்றாண்டுகளை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடுவது. யூத அறிஞர் மைமோனிடிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1148இல் வட ஆப்பிரிக்க முஸ்லிம் அரச வம்சமான அல்மொஹத்கள், அவர் வாழ்ந்த ஸ்பெயின் நகரமான கொர்தோபாவைப் பிடித்ததும், மதம் மாறு, இல்லையென்றால் ஊரைவிட்டுப் போ என்ற நிலை. அவர் குடும்பம் கிளம்பியது. அலைந்து திரிந்து கடைசியில் அவர் நிலைத்தது எகிப்தில். அதுவும் முஸ்லிம் ஆட்சிதான். அங்கே எகிப்தை ஆண்ட சலாஹுத்தீனின் அமைச்சர் அல்-ஃபாதிலுக்கே மருத்துவரானார். 1199இல் எழுதிய கடிதத்தில் தன் அன்றாடத்தைச் சொல்கிறார்: காலையில் தான் குடியிருந்த, பக்கத்து ஊரான ஃபுஸ்தாத்திலிருந்து கெய்ரோவுக்குப் போய் சுல்தானைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் பசியோடு வீடு திரும்பினால் வாசல் நிறைய நோயாளிகள், யூதர்களும் பிறரும். கையைக் கழுவிக்கொண்டு, ஒரு வாய் சாப்பிட்டு வருகிறேன், பொறுங்கள் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்வாராம். துரத்தியதும் முஸ்லிம் அரசு, வாழவைத்ததும் முஸ்லிம் அரசு. இதில் எதை மட்டும் எடுத்துப் பேசினாலும் பாதி உண்மைதான்.

அப்புறம் முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டவேண்டியிருந்த ஜிஸ்யா வரி. இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஹனஃபி சட்டப்படி வசதிக்கு ஏற்ப ஆண்டுக்கு 12, 24, 48 திர்ஹம் (வெள்ளிக்காசு); பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கிடையாது. பதிலுக்கு உயிர், உடைமை, வழிபாட்டுக்குப் பாதுகாப்பு. அதனால் இதை வெறும் தண்டனை என்பது சரியல்ல. 'சின்னத் தொகைதானே' என்று கடந்துபோவதும் தவறு. ஃபுஸ்தாத் யூத ஜெப ஆலயத்தில், கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்று ஓர் அறையில் போட்டுவைத்த லட்சக்கணக்கான துண்டுகள் கிடைத்தன. பல, எபிரேய எழுத்தில் எழுதிய அரபுமொழி. அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் அரபுத்தமிழ் போல. வரி கட்ட வழியில்லாமல் வீட்டுக்குள் ஒளிந்துகிடந்த ஏழைகளை அவற்றில் பார்க்கலாம். வெளியூர் போகிறவர் வரி கட்டிய ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஏழையிடம் கேட்காமல் சகிப்புத்தன்மையை அளக்கவே கூடாது என்பேன்.

சட்டநூலில் இருப்பதுதான் தெருவிலும் நடந்தது என்று நம்புவது இன்னொரு தவறு. முஸ்லிம்கள் கட்டிய நகரங்களில் புதிய தேவாலயம் கூடாது என்றது சட்டம். ஆனால் பாக்தாத் நகரமே 762இல் கலீஃபா எழுப்பியது. அப்படியானால் அங்கே இருந்த தேவாலயங்கள் எப்படி வந்தன? எதிர்ப்பக்கமும் உண்டு. பழைய தேவாலயங்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இருந்தது. ஆனாலும் 1009இல் ஜெருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயத்தை இடிக்க உத்தரவிட்டார், எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய வம்சத்துக் கலீஃபா அல்-ஹாக்கிம். தன் ஆட்சியில் கட்டாயத்தில் மதம் மாறியவர்களைப் பின்னாளில் தங்கள் மதத்துக்கே திரும்ப அனுமதித்ததும் அவர்தான்.