பழைய எலுமிச்சையிலிருந்து அடுத்த கன்று: பினாங்குத் தோட்டங்களுக்கு ஒரு கையேடு

பினாங்கில் நம் வீடுகளில் நிற்கும் எலுமிச்சை பெரும்பாலும் நர்சரியில் வாங்கியதாக இருக்காது. எஸ்டேட்டை விட்டு வந்தபோது தாத்தா கொண்டுவந்தது, பெரியம்மா வீட்டு மரத்தில் பதியம் போட்டது என்று அதற்கு ஒரு வம்சாவளி இருக்கும். நிபோங் தெபால், சுங்கை பாக்காப் பக்கம் அரை ஏக்கரில் எலுமிச்சையும் லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சையும் வைத்துக் கோயிலுக்கும் மாமாக் கடைக்கும் கொடுக்கும் குடும்பங்களிலும் இதே நிலைதான்: முதல் மரம் ஒன்று, மற்றவை அதன் பிள்ளைகள். அந்த வம்சத்தை அறுந்துபோகாமல் கொண்டுபோவது எப்படி என்று பார்ப்போம்.

தாய் மரத்தைச் சோதிக்காமல் கத்தியை எடுக்காதீர்கள்

எலுமிச்சை இனத்தை அடியோடு அழிப்பது கிரீனிங் நோய். எச்எல்பி என்றும் சொல்வார்கள். மரத்தின் உணவுக் குழாய்களுக்குள் வாழும் பாக்டீரியா இது, மருந்து கிடையாது. பதியத்திலும் ஒட்டிலும் அப்படியே கன்றுக்குப் போய்விடும். நோய் ஏறிய பிறகும் பல மாதங்கள், சில மரங்களில் ஓரிரு வருடம்கூட, வெளியில் ஒன்றும் தெரியாது. ஆசையாகப் பதியம் போட்டு நான்கு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்த மரம் நான்கு வீட்டுக்கும் நோயைக் கொடுத்ததாக முடிவது இப்படித்தான்.

சந்தேகம் வந்தால் ஒரு பேனா போதும். மஞ்சள் படர்ந்த, முற்றிய இலை ஒன்றைப் பறித்து, நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஒவ்வொரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் நிறம் இரண்டு பக்கமும் ஒத்திருந்தால் அது சத்துக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இளம் இலை சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் துத்தநாகம் போதவில்லை. முதிர்ந்த இலையின் காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணம் மிஞ்சினால் மெக்னீசியம். ஒரு வட்டம் பச்சையாகவும் மற்றது மஞ்சள் திட்டாகவும் இருந்தால்தான் பயப்பட வேண்டும். அப்போது பழத்தையும் காம்போடு நெடுக்கில் வெட்டிப் பாருங்கள். நடுத்தண்டு வளைந்து, பழம் ஒரு பக்கம் சூம்பி, விதைகள் கறுத்துச் சுருங்கியிருந்தால் அந்த மரத்தில் பதியம் வேண்டாம். உறுதி செய்துகொள்ள இலை மாதிரியைப் பெர்த்தானியான் (விவசாயத் துறை) அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

விண்பதியம்

மரம் சுத்தமாக இருந்தால் இதுதான் சுலபமான வழி. ‘தூட்’ போட்ட கன்று என்று நர்சரியில் விற்பதும் இதுவே. ஒரு வருடத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும்.

1. பென்சில் தடிமனில், மேல்நோக்கி வளர்ந்த முற்றிய கிளையைத் தேர்ந்தெடுங்கள். பழம் தொங்கும் கிளையும் கொழுந்துக் கிளையும் வேண்டாம். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள்.

2. ஒரு கணுவுக்குக் கீழே 2.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுங்கள். உள்ளே கட்டையின் மேல் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி, கை வழுக்காத அளவுக்குத் துணியால் துடைத்துவிடுங்கள்.

3. தேங்காய் நார்த்தூளை நனைத்து நன்றாகப் பிழியுங்கள். மறுபடி அழுத்தினால் நீர் சொட்டக் கூடாது. ஒரு கைப்பிடி வைத்து, ஒளி புகும் பிளாஸ்டிக்கால் சுற்றி, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள்.

4. 6 முதல் 8 வாரத்தில் வேர் தெரியும். வெள்ளை வேரைக் கண்டதும் அவசரப்பட வேண்டாம். அது பழுப்பாகி, கிளை வேரும் விட்ட பிறகு கட்டுக்குக் கீழே வெட்டுங்கள். பாதி இலையைக் கிள்ளிவிட்டு, பாலிபேக்கில் வைத்து 3–4 வாரம் நிழலில் விடுங்கள்.

வேர் வரவில்லையென்றால் பத்தில் எட்டு முறை இரண்டாவது படிதான் காரணம். படலத்தைச் சரியாகச் சுரண்டாததால் மேல் பட்டையும் கீழ் பட்டையும் மறுபடி சேர்ந்துகொள்ளும். கிளைக்கு வேர் விட வேண்டிய அவசியமே இருக்காது. அழுகிப்போனால் மேல் கட்டு தளர்ந்து மழைநீர் இறங்கியிருக்கிறது. செப்டம்பர், அக்டோபர் இங்கே மழை உச்சம். அந்த மாதங்களில் பதியம் போடாமலிருப்பது நல்லது.

பதியக் கன்றுக்கு ஆணிவேர் இல்லை. தொட்டிக்கும் வீட்டுப் பின்கட்டுக்கும் அது குறையே அல்ல. ஆனால் செபராங் பிறையின் பழைய நெல் வயல் மண் மாதிரி நீர் தேங்கும் இடத்தில் வேரழுகலுக்குச் சீக்கிரம் இரையாகும், காற்றுக்கும் சாயும். அங்கே ஒட்டுக்கன்றே மேல்.

தாய் மரத்துக்கு நோய் இருந்தால்

இங்கேதான் பலர் வம்சத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. கிரீனிங் நோய் விதை வழியாகப் பரவுவதில்லை. எலுமிச்சை, லிமாவ் கஸ்தூரி இரண்டிலும் ஒரே விதைக்குள் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பில்லாமல் தாயின் திசுவிலிருந்தே உண்டானவை. அதனால் விதைக் கன்றும் கிட்டத்தட்டத் தாயின் நகலாகவே வரும். லிமாவ் பாலிக்கு, அதாவது பம்ப்ளிமாஸுக்கு, இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் விதையில் ஒரே கருதான், அதுவும் கலப்பில் பிறந்தது. தம்பூன் பழத்தின் விதையைப் போட்டுவிட்டுத் தம்பூன் பழத்தை எதிர்பார்க்க முடியாது.

அந்த மரத்திலேயே நன்றாக இருக்கும் பழத்திலிருந்து கொழுத்த விதையாக 20 எடுத்து, கழுவி, காயவிடாமல் அன்றே போடுங்கள். எலுமிச்சை விதை காய்ந்தால் உயிர் போய்விடும். 2 முதல் 4 வாரத்தில் முளைக்கும். ஒரு விதையில் இரண்டு மூன்று முளை வந்தால் திடமாக வருவதை விட்டு, இலை வடிவம் மாறி நிற்பதையும் நோஞ்சானையும் எடுத்துவிடுங்கள். நாற்றுகளைப் பழைய மரத்துக்குப் பக்கத்தில் வளர்க்கக் கூடாது. வலை போட்ட இடத்திலோ வேறு வீட்டிலோ இருக்கட்டும். காய்க்க நான்கைந்து வருடம் ஆகலாம், முள்ளும் அதிகம். ஆனால் சுத்தமான தொடக்கம்.

நாற்று தேறியதும் நோயுற்ற மரத்தை எடுத்துவிட வேண்டும். வெட்டுவதற்கு முன்பே பூச்சிமருந்து அடித்துவிடுங்கள். இல்லையென்றால் அதிலிருக்கும், நோயைச் சுமக்கும் பூச்சியெல்லாம் பக்கத்து மரத்துக்குப் பறந்துவிடும். அடிக்கட்டையிலிருந்து வரும் துளிரும் நோயோடுதான் வரும், அதையும் விடாதீர்கள்.

எந்தக் கன்று எந்த மரத்தின் பிள்ளை, எந்த மாதம் எடுத்தது, பதியமா விதையா, யார் வீட்டுக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வீட்டில் நோய் தெரிந்தால் வேறு எந்தெந்த வீட்டு மரத்தைச் சோதிக்க வேண்டும் என்று அந்த நோட்டுதான் சொல்லும்.

நடுவது

குழி 60 செ.மீ. நீளம், அகலம், ஆழம். மேல் மண்ணோடு நன்கு மக்கிய கோழி எரு 5 கிலோவும் கிறிஸ்மஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட் 200 கிராமும் கலந்து நிரப்புங்கள். நம் மண் புளிப்பு மண். எலுமிச்சைக்கு வேண்டிய பிஎச் 5.5 முதல் 6.5. குறைவாக இருந்தால் நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டோலமைட் தூவுங்கள், மெக்னீசியமும் அதிலேயே கிடைக்கும். சமதளத்தில் 60 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாண் இருக்க வேண்டும். மண் மூடினால் பட்டை வெடித்துப் பிசின் வடியும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளியில் அரை ஏக்கருக்கு 80 மரம் வரும். தொட்டியென்றால் 18 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம்.

உரம் சுருக்கமாக: முதல் வருடம் 15:15:15 மாதம் 50 கிராம், காய்க்கும் மரத்துக்கு 12:12:17:2 நீல உரம், வருடத்துக்கு 4 முறை, ஒவ்வொரு முறையும் அரைக் கிலோ. அடிமரத்தில் கொட்டாமல் இலைநிழல் விழும் ஓரத்தில் வட்டமாகத் தூவுங்கள்.

கறிவேப்பிலை எங்கே நிற்கிறது?

கிரீனிங் நோயை மரத்துக்கு மரம் சுமப்பது சைலிட் என்ற பூச்சி. 3–4 மில்லிமீட்டர்தான், தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்வாக உட்காரும், பார்த்தால் ஒரு முள் மாதிரி. குஞ்சுகள் மஞ்சளாக, வெள்ளை மெழுகு நூல் விட்டபடி கொழுந்தில் ஒட்டியிருக்கும். எலுமிச்சைக்கு அடுத்து இதற்கு மிகவும் பிடித்தவை வேலியில் வைக்கும் கெமுனிங்கும் நம் கறிவேப்பிலையும். கறிவேப்பிலைக்கு இந்த நோய் வராது. பூச்சி மட்டும் அதில் சுகமாகப் பெருகும். எலுமிச்சையையும் கறிவேப்பிலையையும் அடுத்தடுத்து வைக்காத தமிழ் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், சிக்கலே அதுதான்.

இது சின்ன விஷயமல்ல. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1998-இல் சைலிட் கண்டறியப்பட்டது; தொட்டியில் விற்ற கெமுனிங் செடிகளோடு மாநிலம் முழுக்கப் பரவியது; 2005-இல் நோயும் தெரிந்தது. 2003–04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அந்த மாநிலத்தில் 2022–23-இல் 1.6 கோடிப் பெட்டிகூட வரவில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பத் தோட்டங்கள் பல மூடப்பட்டன.

கறிவேப்பிலையை வெட்டச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் இரண்டையும் முடிந்த அளவு தள்ளி வையுங்கள். கறிவேப்பிலைக் கொழுந்தை அடிக்கடி ஒடித்துச் சமையலுக்கு எடுத்துக்கொண்டே இருங்கள். சைலிட் இளங்கொழுந்தில் மட்டும்தான் முட்டையிடும். எலுமிச்சையிலும் இதே விதி. சைலிட், இலையில் வெள்ளைக் கோடு இழுக்கும் சுரங்கப்புழு, பறவை எச்சம் மாதிரி தோன்றும் வண்ணத்துப்பூச்சிப் புழு எல்லாமே துளிரைத் தேடித்தான் வருகின்றன. சுரங்கப்புழு போட்ட காயத்தின் வழியாக மழையில் சொறி நோயும் நுழைகிறது.

எனவே துளிர் ஓயாமல் வரும்படி விடாமல், எல்லா மரத்திலும் ஒரே நேரத்தில் வரும்படி செய்யுங்கள். கவாத்தையும் உரத்தையும் ஒரே வாரத்தில் முடித்தால் துளிரும் சேர்ந்து வரும். கொழுந்து விரல் நுனி அளவு ஆனதும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வெள்ளை எண்ணெய் (பூச்சிக்கு அடிக்கும் கனிம எண்ணெய்) கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி காலையில் அடியுங்கள். இலை முற்றும்வரை வாரம் ஒரு முறை. நடுவெயிலில் அடித்தால் இலை கருகும். சொறி இருந்தால் மழைக்காலத்துக்கு முன் தாமிர மருந்து, டப்பாவில் போட்டிருக்கும் அளவில். கெரெங்கா எறும்பை என்ன செய்வது என்று கேட்பார்கள். புழுவைத் தின்னும், ஆனால் செதில் பூச்சியைக் காவல் காக்கும். பறிக்கப் போகிறவரையும் விடாது. சிறிய தோட்டத்தில் அது வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் பழம் வேண்டுமென்றால்

எலுமிச்சை பூக்க ஒரு வறட்சி வேண்டும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் வாடி, மழை வந்ததும் மரம் பூக்கும். பூவிலிருந்து பழத்துக்கு ஏறக்குறைய 5 மாதம். ஆகவே தரையிலுள்ள மரம் ஆடி முடியும் சமயத்தில்தான் கொட்டும். தண்ணீர்மலைக் கூட்டத்துக்குத் தை மாதம் பழம் வேண்டுமென்றால் ஆகஸ்ட் கடைசியில் பூ வர வேண்டும். அதற்குத் தொட்டி மரத்தை ஜூலைக் கடைசியில் கூரைக்கடியில் நகர்த்தி, இலை லேசாகச் சுருளும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். இரண்டு வாரம் போதும், இலை உதிர விடாதீர்கள். பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டு நீல உரம் கொடுத்தால் மூன்று நான்கு வாரத்தில் மொட்டு வரும்.

பறிக்கும்போது பனி காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோல் சட்டென்று நசுங்கி, எண்ணெய் கசிந்து, மறுநாள் பழுப்புத் திட்டாகிவிடும். இழுக்காமல் கத்தரியால் காம்பை ஒட்ட வெட்டுங்கள். நம் ஊர் இரவுச் சூட்டில் பழம் மஞ்சளாகும்வரை காத்திருந்தால் பாதி கீழே கிடக்கும்; தோல் வழவழப்பாகி, பச்சை வெளிறி, அழுத்தினால் லேசாக அமுங்கினாலே போதும். எலுமிச்சை மாலை கட்ட வாங்குகிறவர்கள் தோலைத்தான் பார்ப்பார்கள், அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். சொறித் தழும்பு விழுந்ததைத் தனியாகப் பிரித்து மீ கோரேங் கடைக்குக் கொடுங்கள், அவர்களுக்குச் சாறு இருந்தால் சரி. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வந்து, கறுத்த தழும்பு வாரக்கணக்கில் நிற்கும்.