வாலட்டில் கிடக்கும் சில்லறை டோக்கன்: ஸ்வாப் செய்வதும் மைக்ரேட் செய்வதும்

போன ஐப்பசி மழையில் ஒரு நாள். கோத்தகிரியில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பஜாரில் எனக்கு மொபைல் சர்வீஸ் கடை. கரண்ட் இல்லாவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அக்கா மகன் போனை நீட்டினான்.

"மாமா, லாக்டவுன் சமயத்துல வாங்குனது. 40 மேட்டிக். இனிமே இது செல்லாதுங்கறாங்க. ஒரு லிங்க் வந்திருக்கு, அதுல போய்ப் போட்டா புதுசா மாத்திக் குடுத்துருமாம்."

மேட்டிக் என்பது பாலிகான் என்ற கிரிப்டோ நெட்வொர்க்கின் பழைய டோக்கன், அதாவது டிஜிட்டல் காசு. போனை வாங்கிப் பார்த்தேன். பாலிகானின் ஊதா நிறம், அதே லோகோ, அழகான பக்கம். முதல் கட்டத்திலேயே வாலட்டின் 12 ரகசிய வார்த்தைகளை டைப் செய்யச் சொன்னது.

"போனைக் கீழ வை மாப்ளே" என்றேன்.

அவனுக்கு உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த டோக்கன் வாங்கலாம் என்று யாரும் கேட்டு வராதீர்கள். ஏற்கெனவே வாலட்டில், அதாவது கிரிப்டோ வைத்திருக்கும் ஆப்பில், கிடப்பதை எப்படித் தொலைக்காமல் மாற்றுவது என்பது மட்டும்தான் இந்தப் பதிவு.

முதலில் பேனாவும் பேப்பரும்

சில்லறை டோக்கனில் நிறையப் பேர் விடும் தப்பு, மாற்றும் செலவைக் கணக்குப் போடாமல் பட்டனைத் தட்டுவது. எத்தீரியம் என்ற நெட்வொர்க்கில் எது செய்தாலும் கேஸ் என்ற பரிவர்த்தனைக் கட்டணம் உண்டு. ஒருவருக்கு ஈதர் (எத்தீரியத்தின் சொந்தக் காசு) அனுப்ப 21,000 யூனிட் கேஸ் ஆகும். டோக்கனுக்கு அனுமதி கொடுத்து, பிறகு ஸ்வாப் செய்வதென்றால் (அதை விற்று இன்னொரு டோக்கன் வாங்குவது) இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 2,00,000 யூனிட். ஒரு யூனிட்டின் விலையை க்வெய் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

யூனிட் 10 க்வெய் என்றால் 0.002 ஈதர். ஈதர் ஒன்று 2,00,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 400 ரூபாய். அதே வேலை 1 க்வெய் இருக்கும்போது 40 ரூபாய்தான். கையில் இருக்கும் டோக்கனே 800 ரூபாய்க்குத்தான் போகும் என்றால், எந்த நேரத்தில் செய்கிறோம் என்பதிலேயே பாதிப் பணம் இருக்கிறது. அமெரிக்கா விழித்திருக்கும் நேரத்தில், அதாவது நமக்கு ராத்திரியில், கட்டணம் பொதுவாக ஏறும். நம் காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இறங்கும். எத்தீரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் அந்தந்த நேரத்து கேஸ் விலை தெரியும். கட்டணம் டோக்கன் விலையைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். அது அங்கேயே கிடக்கட்டும், சோறா கேட்கிறது?

அந்த 12 வார்த்தைகள்

உங்கள் வாலட் மெட்டாமாஸ்க்கோ டிரஸ்ட் வாலட்டோ, முதலில் உங்களிடம் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்ன 12 (சிலவற்றில் 24) ஆங்கில வார்த்தைகள் எங்கே என்று தேடுங்கள். அவை இல்லாமல் வேறு எந்த வேலையும் தொடங்க வேண்டாம். போன் தண்ணீரில் விழுந்தால் மீட்க அவை மட்டும்தான் வழி.

போட்டோ எடுத்து வைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள். பேப்பர்தான். ஆனால் நம் மலையில் பேப்பருக்கும் ஒரு எமன் உண்டு. ஆடி மாதம் பீரோவைத் திறந்தால் கல்யாணப் பட்டிலேயே பூஞ்சணம் பூத்திருக்கும், பேப்பர் எம்மாத்திரம்? ஜெல் பேனா மை ஈரத்தில் பரவிவிடும். கெட்டி அட்டையில் பென்சிலால் எழுதி, ஜிப் கவரில் போட்டு, இரண்டு இடத்தில் வையுங்கள். எவர்சில்வர் தகட்டில் பொறித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வார்த்தைகளெல்லாம் 2,048 சொற்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருபவை. முதல் நான்கு எழுத்தைப் பார்த்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும். அதனால் நான்கு நான்கு எழுத்தாகப் பொறித்தாலே போதும். அதற்காகப் பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்!

ஸ்வாப் செய்யவோ மைக்ரேட் செய்யவோ (பழைய டோக்கனுக்குத் திட்டக்காரர்களிடமே புதியது வாங்கவோ) இந்த வார்த்தைகள் ஒருபோதும் தேவைப்படாது. கேட்கிற தளம் எதுவானாலும் திருட்டுத் தளம்தான்.

என்ன டோக்கன், எந்த நெட்வொர்க்?

டோக்கன் பெயரைத் தட்டினால் அது எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று காட்டும். எத்தீரியம், பாலிகான், பிஎன்பி செயின் மூன்றிலும் உங்கள் முகவரி ஒன்றேதான், 42 எழுத்து. அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள். முகவரி ஒன்றானாலும் பணம் இருக்கும் அறை வேறு.

கட்டணம் அந்தந்த நெட்வொர்க்கின் சொந்தக் காசில்தான் கட்ட வேண்டும். எத்தீரியத்துக்கு ஈதர், பாலிகானுக்கு பிஓஎல் (மேட்டிக்குக்குப் பதிலாக வந்த புது டோக்கன்), பிஎன்பி செயினுக்கு பிஎன்பி. எத்தீரியத்தில் யுஎஸ்டிடி (டாலர் விலையை ஒட்டியே நிற்கும் டோக்கன்) ஆயிரம் இருந்தாலும் ஈதர் துளி இல்லையென்றால் ஒரு அடி நகராது. அக்கா மகனின் மேட்டிக் எத்தீரியத்தில் இருந்தது, ஈதர் சுத்தமாக இல்லை. எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) வாங்கி வெளியே எடுத்தால் எடுக்கும் கட்டணமே கடிக்கும் என்பதால் என் வாலட்டிலிருந்து 0.001 ஈதர் அனுப்பினேன். அனுப்பும் முகவரியைப் பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். முதலும் கடைசியும் உங்கள் முகவரியைப் போலவே இருக்கும் போலி முகவரியிலிருந்து பூஜ்யத் தொகை அனுப்பி, அந்தப் பட்டியலில் நுழைந்துகொள்ளும் கும்பல் உண்டு.

இன்னொன்று. நீங்கள் வாங்காத டோக்கன் ஏதாவது ஆயிரம் டாலர் மதிப்பு காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தொடாதீர்கள், மறைத்துவிடுங்கள். டோக்கனுக்கு யாரும் எந்தப் பெயரும் வைக்கலாம். பெயரையோ லோகோவையோ நம்பாமல் காண்ட்ராக்ட் (டோக்கனை இயக்கும் புரோகிராம்) முகவரியைத்தான் பார்க்க வேண்டும். அந்த டோக்கனை வெளியிட்ட திட்டத்தின் சொந்தத் தளத்தில் போட்டிருப்பதோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

ஸ்வாப்

வாலட்டுக்குள்ளேயே ஸ்வாப் பட்டன் இருக்கும். எதைக் கொடுக்கிறோம், எதை வாங்குகிறோம் என்று தேர்ந்தெடுத்ததும் ஒரு மதிப்பு காட்டும். உடனே சரி என்று தட்டாமல் அதன் கீழே உள்ள மூன்று வரிகளைப் படியுங்கள்.

ஸ்லிப்பேஜ் என்பது நம் தேயிலைக் கொழுந்துக் கழிவு மாதிரி. மழை நாளில் ஏஜென்ட் தண்ணிக் கழிவு, சாக்குக் கழிவு என்று எடையில் குறைப்பாரே, அதுபோல, காட்டிய மதிப்பிலிருந்து எவ்வளவு குறையலாம் என்று முன்கூட்டியே நாம் ஒத்துக்கொள்ளும் உச்சவரம்பு. சாதாரண டோக்கனுக்கு அரை சதவீதம், ஒரு சதவீதம் போதும். 10 சதவீதம் வைத்தால், நீங்கள் வாங்குவதற்கு ஒரு நொடி முன்னால் வாங்கி விலையை ஏற்றி, உங்கள் தலையில் கட்டிவிட்டு, உடனே விற்றுவிடும் பாட்கள் (தானாக ஓடும் புரோகிராம்கள்) இருக்கின்றன. நாமே கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

பிரைஸ் இம்பாக்ட் வேறு. மேட்டுப்பாளையம் மண்டியில் ஒரு மூட்டை கேரட் போனால் விலை அசையாது. அதே மூட்டையைச் சின்ன வாரச்சந்தையில் இறக்கினால் உங்கள் மூட்டையே விலையை இறக்கிவிடும். பெயர் தெரியாத டோக்கன்களின் சந்தை அப்படித்தான். இந்த எண் 3, 4 சதவீதத்தைத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன்.

மூன்றாவது, குறைந்தபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்ற வரி. உங்கள் கணக்கு அந்த எண்ணை வைத்துத்தான் இருக்க வேண்டும். மேலே பெரிதாகக் காட்டுவதை வைத்து அல்ல.

முதல் தடவை மொத்தத்தையும் போடாதீர்கள். கட்டணம் குறைந்த நெட்வொர்க் என்றால் பத்தில் ஒரு பங்கை மாற்றிப் பாருங்கள். வாங்கத்தான் விடும், விற்க விடாது என்று எழுதப்பட்ட டோக்கன்களும் உண்டு; அது இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

அப்ரூவ்: இங்கேதான் பணம் போகிறது

ஸ்வாப் காண்ட்ராக்ட் உங்கள் டோக்கனை எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் அனுமதி தர வேண்டும். அதுதான் அப்ரூவ். திரையில் ஒரு எண் வரும், எல்லோரும் பார்க்காமல் தட்டுவது. பல இடங்களில் அது 115792 என்று தொடங்கும் 78 இலக்க எண். காண்ட்ராக்டில் எழுத முடிந்த ஆகப் பெரிய எண் அது. 'எவ்வளவு வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்' என்று அர்த்தம். சில வாலட்கள் அதையே 'வரம்பில்லை' என்று ஒரு சொல்லில் காட்டும்.

2024 மே முதல் ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததே, அதில் எந்த வண்டி, எந்தத் தேதி என்று இருக்கும். நல்ல அனுமதி அப்படி இருக்க வேண்டும். மெட்டாமாஸ்க்கில் அந்த எண்ணைத் தட்டி மாற்றலாம். 40 டோக்கன் மாற்றுகிறீர்களா? 40 என்று போடுங்கள்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2021இல் ஒரு சின்னத் தளத்தில் யுஎஸ்டிடி ஸ்வாப் செய்தேன், வரம்பில்லாமல் அனுமதி கொடுத்துவிட்டு மறந்தேன். அடுத்த வருடம் வேறு எதற்கோ அதே வாலட்டில் யுஎஸ்டிடி ஏற்றினேன். ராத்திரி பார்த்தபோது இருந்தது, காலையில் பால் வாங்கப் போகும்போது பூஜ்யம். அந்த 12 வார்த்தைகள் யாருக்கும் போகவில்லை, போனும் என் தலைமாட்டில்தான் இருந்தது. பழைய அனுமதி உயிரோடு இருந்தது, அவ்வளவுதான்.

நான் அதற்கு முன்பே அந்தத் தளத்தை 'டிஸ்கனெக்ட்' செய்திருந்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை. டிஸ்கனெக்ட் என்பது கடைக்காரரிடம் பேச்சை நிறுத்துவது. கொடுத்த சாவி அவரிடமே இருக்கும். சாவியைத் திரும்ப வாங்க ரிவோக் செய்ய வேண்டும். ஈதர்ஸ்கேனில் டோக்கன் அப்ரூவல் பார்க்கும் பக்கம் உண்டு, ரிவோக் டாட் கேஷ் என்ற தளமும் உண்டு. முகவரியைப் போட்டால் யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றையும் ரத்து செய்யக் கொஞ்சம் கேஸ் ஆகும். செலவு பார்க்காதீர்கள்.

மைக்ரேஷன்

ஸ்வாப்பில் ஒரு டோக்கனை விற்று இன்னொன்றை வாங்குகிறோம். மைக்ரேஷனில் திட்டக்காரர்களே பழைய டோக்கனை வாங்கிக்கொண்டு புதியதைத் தருகிறார்கள். பாலிகான் 2024 செப்டம்பர் 4 அன்று மேட்டிக்கை பிஓஎல் ஆக மாற்றத் தொடங்கியது, ஒன்றுக்கு ஒன்று. பாலிகான் நெட்வொர்க்கில் வைத்திருந்தவர்களுக்குத் தானாகவே மாறிவிட்டது. எத்தீரியத்தில் வைத்திருந்தவர்கள்தான் கையால் மாற்ற வேண்டும். அதனால்தான் முதலில் நெட்வொர்க்கைப் பார்க்கச் சொன்னேன்; வேலையே இல்லாமல் பயந்துகொண்டிருப்பவர்கள் பாதிப்பேர்.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். 2018 ஜூனில் ஈயோஸ் என்ற திட்டம் தன் சொந்த நெட்வொர்க்குக்குப் போனபோது எத்தீரியத்தில் இருந்த பழைய ஈயோஸ் டோக்கன்கள் அப்படியே உறைந்துபோயின. கெடு உண்டா என்று திட்டத்தின் அறிவிப்பில் பாருங்கள்.

செய்முறை சின்னதுதான். திட்டத்தின் தளத்தை நீங்களே டைப் செய்து திறங்கள்; கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள், டெலிகிராமில் 'சப்போர்ட்' என்று உள்பெட்டிக்கு வருகிறவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள். வாலட்டை இணையுங்கள். பழைய டோக்கனுக்கு அப்ரூவ், எண் சரியாக. பிறகு மைக்ரேட். இரண்டு கையெழுத்து, இரண்டு கட்டணம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வர்க்கியும் டீயுமாக உட்கார்ந்து செய்தோம். மைக்ரேட்டைத் தட்டியதும் சிக்னல் போய்விட்டது. மழை நாளில் நம் ஊரில் இது புதிதா? அவன் மறுபடி தட்டப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படி நின்றால் திரும்பத் தட்டவே கூடாது. சிக்னல் வந்ததும் ஈதர்ஸ்கேனில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். 'பெண்டிங்' என்றால் காத்திருங்கள், அல்லது வாலட்டில் 'ஸ்பீட் அப்' கொடுங்கள். எதுவுமே இல்லையென்றால்தான் மறுபடி.

பத்து நிமிடம் கழித்து அடுத்த அலறல். "மாமா, மேட்டிக்கும் இல்ல, பிஓஎல்லும் இல்ல!" எங்கேயும் போகவில்லை. புது டோக்கனை வாலட் தானாகக் காட்டாமல் இருக்கலாம். 'இம்போர்ட் டோக்கன்' கொடுத்து, திட்டத்தின் தளத்திலிருந்து எடுத்த காண்ட்ராக்ட் முகவரியை ஒட்டினால் வந்துவிடும். வந்தது, 40.

நிஜமாகவே பணம் திருடு போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள், சைபர் கிரைம் தேசியத் தளத்திலும் பதியுங்கள். 'மீட்டுத் தருகிறேன்' என்று வருகிறவன் இரண்டாவது திருடன்.

வரி

இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். ரூபாயாக மாற்றினால்தான் வரி என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் கணக்கில் வரும். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. வாங்கிய விலையைத் தவிர கேஸ் கட்டணம் போன்ற எதையும் கழிக்க முடியாது. அதனால் தேதி, எண்ணிக்கை, அன்றைய ரூபாய் மதிப்பு, பரிவர்த்தனை எண் நான்கையும் அன்றன்றே எழுதிவிடுங்கள். மைக்ரேஷனையும் எழுதி ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

அன்று வீட்டில் வேறு நோட்டு கிடைக்கவில்லை. என் கொழுந்துக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவனே எழுதினான்: மேட்டிக் 40, பிஓஎல் 40, கட்டணம் 38 ரூபாய், மாமாவுக்குத் தர வேண்டியது 0.001 ஈதர்.