ஒரே பகுதி உள்ள பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2/7 + 3/7 என்று, பகுதி (கீழே இருக்கும் எண்) ஒன்றாகவே உள்ள பின்னங்களை எழுதிக் கொடுத்தால், 5/7 என்பதற்குப் பதில் 5/14 என்று விடை எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. காரைக்குடிப் பக்கம் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் எனக்கு அதிகம் கண்ணில் படுகிற தப்பான விடை இதுதான். நோட்டைப் பார்க்கும் பெற்றோர், "கவனமே இல்லை, எல்லாம் விளையாட்டுப் புத்தி" என்று அலுத்துக்கொள்கிறார்கள். கவனக்குறைவால் வரும் தவறு ஒரு கணக்கில் வரும், அடுத்ததில் வராது. இதுவோ பத்துக் கணக்கிலும் ஒரே மாதிரி வருகிறது. மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்ட வேண்டும் என்று பிள்ளை தனக்கு நியாயமாகப் பட்ட ஒரு முறையை வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் செய்கிறது. அந்த முறைக்கு இடம் கொடுப்பது பெரும்பாலும் சொல்லித் தருகிற பெரியவர்கள். அதனால் நான் இங்கே எழுதுவது பெரியவர்கள் தவிர்க்க வேண்டியவற்றைப் பற்றி.

இரண்டு படம் வரைவது

கோளாறு அதிகம் இங்கேதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

செட்டிநாட்டுச் சமையலறையில் ஏழு குழிப் பணியாரச் சட்டி இல்லாத வீடு குறைவு. நடுவில் ஒரு குழி, சுற்றி ஆறு. ஏழில் பங்கு காட்ட வேறு எதையும் தேட வேண்டாம். அதையே நோட்டில் வரைந்து, இரண்டு குழிக்கு வண்ணம் தீட்டுகிறோம். பக்கத்தில் கூட்டல் குறி. அப்புறம் இன்னொரு சட்டி, அதில் மூன்று குழிக்கு வண்ணம். "இப்போ மொத்தம் எவ்வளவு?" என்று கேட்கிறோம்.

பிள்ளை என்ன செய்கிறது? வண்ணம் தீட்டிய குழிகளை எண்ணுகிறது, ஐந்து. விரலை ஒவ்வொரு குழியிலும் வைத்து எல்லாவற்றையும் எண்ணுகிறது, பதினான்கு. 5/14 என்று எழுதுகிறது. தப்பு என்று சொன்னால், "பதினாலு குழி இருக்குல்ல டீச்சர், நீங்களே எண்ணிப் பாருங்க" என்கிறது. எண்ணியதில் பிழையே இல்லை. படத்தில் நிஜமாகவே பதினான்கு குழி இருக்கிறது, அதில் ஐந்துக்கு வண்ணம் இருக்கிறது. நாம் ஒரு சட்டியை முழுசாக வைத்துக் கணக்குக் கேட்டோம். வரைந்த படமோ இரண்டு சட்டியையும் சேர்த்து ஒரே முழுசாகக் காட்டிவிட்டது. பிள்ளை படத்தை நம்பியது, அவ்வளவுதான்.

எனவே முதல் சில நாள் ஒரே சட்டிதான். நிஜச் சட்டியையே எடுத்து வந்து தரையில் வையுங்கள். இரண்டு குழியில் புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள், அது 2/7. அதே சட்டியில் இன்னும் மூன்று குழியில் போடட்டும். எத்தனை குழி நிறைந்தது, ஐந்து. சட்டியில் குழி கூடியதா? இல்லை, அதே ஏழு. இதைப் பிள்ளை தன் வாயால் சொல்லும்வரை காத்திருங்கள். நாம் முந்திக்கொண்டு சொன்னால் அது நம்முடைய விடையாகத்தான் அதன் காதில் விழும்.

நோட்டில் வரையும்போதும் அப்படியே. ஒரே படம், இரண்டு வண்ணம். முதல் பின்னத்துக்குச் சிவப்பு, இரண்டாவதற்குப் பச்சை. பாடப் படங்களில் இரண்டு வடிவம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரண்டாவதில் வண்ணம் தீட்டிய துண்டுகளை முதல் வடிவத்தின் காலி இடத்துக்கு அம்புக்குறி போட்டு நகர்த்தச் சொல்லுங்கள்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு உதாரணம் எனக்கு மிகவும் கைகொடுக்கிறது. வீட்டுப் பங்கு. பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும் ஊர்களில், "இதில் நமக்கு எத்தனை பங்கு" என்ற பேச்சு பிள்ளைகள் காதில் விழாமல் இருக்காது. ஒரு வீடு எட்டுப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். பெரியப்பாவுக்கு எட்டில் இரண்டு. வெளிநாட்டில் இருக்கும் பங்காளி ஒருவர் தன்னுடைய எட்டில் ஒரு பங்கை அவருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார். இப்போது பெரியப்பாவுக்கு எவ்வளவு? எட்டில் மூன்று என்று சட்டென்று வருகிறது. "ஏன், பதினாறில் மூன்று இல்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். "வீடு ஒண்ணுதானே டீச்சர்!" என்று வரும் பதிலில் இந்தப் பாடம் முழுவதும் இருக்கிறது. 2/8 + 1/8 என்று எழுதியதும் அதே பிள்ளை தடுமாறினால், "இது எந்த வீடு?" என்று கேட்டாலே போதும்.

சிவப்பு மையால் உடனே அடிப்பது

தப்பு என்று அடித்தால் பிள்ளை விடையை மாற்றும், எண்ணத்தை மாற்றாது. அதன் முறையை அதன் கையாலேயே சோதிக்க விடுவது நல்லது. "சரி, உன் முறையிலேயே 1/2 + 1/2 போடு" என்று சொல்லுங்கள். 2/4 என்று எழுதும். 2/4 என்றால் எவ்வளவு, தாளை மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி. அப்படியென்றால் அரை தோசையும் அரை தோசையும் சேர்ந்து அரை தோசைதானா? இங்கே பிள்ளையின் முகம் மாறும், பேனாவை வைத்துவிட்டு யோசிக்கும். அந்த யோசனைக்கு நேரம் கொடுங்கள்.

சமான பின்னம் தெரிந்த பிள்ளையிடம் இன்னும் ஒரு படி போகலாம். 3/7 என்பது 6/14. விடையாக எழுதிய 5/14 அதைவிடச் சின்னது. 3/7 உடன் வேறொன்றைச் சேர்த்திருக்கிறோம், வந்ததோ அதற்கும் குறைவு. எங்கோ கணக்கு இடிக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணை உதாரணமாகக் காட்டுவது

முதல் தேர்வில் பத்துக்கு ஏழு, அடுத்ததில் பத்துக்கு எட்டு. மொத்தம் இருபதுக்குப் பதினைந்து. வாரா வாரம் பிள்ளைகள் பார்க்கிற கணக்கு இது. விடைத்தாளில் நாம் அதை 7/10, 8/10, 15/20 என்றுதான் எழுதுகிறோம். மேலே மேலே கூட்டிக் கீழே கீழே கூட்டியிருக்கிறோம், அதுவும் சரியான விடை! பின்னக் கூட்டலில் மட்டும் அது தப்பு என்றால் பிள்ளை எப்படி ஒத்துக்கொள்ளும்?

இரண்டு தேர்வு சேர்ந்ததும் முழுசு மாறிவிட்டது, பத்து மதிப்பெண் இருபதாகிவிட்டது என்பதே வேறுபாடு. பெரியவர்களுக்குப் புரியும், ஒன்பது வயதுக்கு இது பெரிய விஷயம். ஆகவே பாடம் உறுதிப்படும்வரை மதிப்பெண் உதாரணமே வேண்டாம். ஆனால் பிள்ளையே அதைக் கேட்டால் தட்டிக்கழிக்காதீர்கள். அது நல்ல கேள்வி, கூர்மையாகப் பார்க்கிற பிள்ளைதான் அதைக் கேட்கும். தேர்வுத்தாள் இரண்டு, வீடு ஒன்று என்று பங்குக் கணக்கோடு பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

விதியை முதலில் கொடுப்பது

"கீழே இருப்பதை அப்படியே வை, மேலே இருப்பதை மட்டும் கூட்டு." இதைச் சொல்லிக்கொடுத்தால் மறுநாளே பத்துக்குப் பத்து வாங்கிவிடும். அதனால்தான் எல்லோரும் இதைச் சொல்கிறோம். கொஞ்ச நாள் கழித்துப் பெருக்கல் வரும். 2/5 × 3/5 க்கு அதே பிள்ளை 6/5 என்று எழுதும், கீழே அப்படியே வைக்க வேண்டும் என்று நாம்தானே சொன்னோம். 1/2 + 1/3 வந்தால் எதை அப்படியே வைப்பது? இரண்டு இருக்கிறதே.

பகுதி என்பது துண்டின் அளவைச் சொல்கிறது, தொகுதி அந்தத் துண்டுகள் எத்தனை என்று சொல்கிறது. ஒரே அளவுத் துண்டுகளை எண்ணுகிறோம், அதனால் எண்ணிக்கை மட்டும் கூடுகிறது. இது மனதில் ஏறிவிட்டால் விதியைத் தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை. வாசிப்பதிலும் கவனம் வையுங்கள். "இரண்டு பை ஏழு" என்று வாசித்தால் இரண்டு தனித்தனி எண்ணாகத்தான் காதில் விழும். "ஏழில் இரண்டும் ஏழில் மூன்றும் சேர்ந்தால்?" என்று கேட்டால் விடை வாயிலேயே வந்துவிடும்.

வீட்டில் அப்பத்தாவோ ஐயாவோ இருந்தால் அணாக் கணக்கைச் சொல்லச் சொல்லுங்கள். 1957 ஏப்ரலில் புதுக் காசு வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. மூன்றணாவும் ஐந்தணாவும் எட்டணா. எழுதினால் 3/16 + 5/16 = 8/16. அணா அணாவாகவே இருந்தது, எண்ணிக்கைதான் கூடியது. எட்டணா என்றால் அரை ரூபாய் என்று பெரியவர்கள் யோசிக்காமலே சொல்வார்கள், 8/16 என்பது 1/2 என்று அங்கேயே விளங்கிவிடும்.

பொருள் தெரியாமல் முறையை மட்டும் பிடித்துக்கொள்வது எங்கும் இருக்கிற சிக்கல். 1978இல் அமெரிக்காவில் தேசிய அளவில் நடந்த ஒரு மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளிடம் 12/13 + 7/8 ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்டு, 1, 2, 19, 21 என்ற எண்களைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இரண்டுமே ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கின்றன, ஆகவே விடை 2. அதைத் தேர்ந்தவர்கள் 24 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்காமல் மேலும் கீழும் இரண்டு எண்ணாகப் பார்த்ததன் விளைவு. பகுதி வேறு வேறாக இருக்கும் கணக்கு அது என்றாலும், நம் பிள்ளையின் 5/14 வருவதும் இதே இடத்திலிருந்துதான்.

ஒன்றைத் தாண்டாத கணக்குகளையே கொடுப்பது

1/5 + 2/5, 3/8 + 4/8 என்று ஒன்றுக்குள் அடங்கும் கணக்குகளாகவே கொடுத்துக்கொண்டிருந்தால், பின்னம் என்றால் ஒன்றைவிடச் சின்னதுதான் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். ஒருநாள் 5/7 + 4/7 வரும். 9/7 என்று எழுதிவிட்டு, "ஏழில் ஒன்பது எப்படி டீச்சர் எடுக்கிறது?" என்று விழிக்கும். கேள்வி நியாயமானது. இந்த இடத்தில் மட்டும் "ஏழிலொரு பங்கு, அந்த மாதிரிப் பங்கு ஒன்பது" என்று சொல்வது உதவும். இரண்டாவது சட்டியை எடுக்க வேண்டிய நேரமும் இதுதான். எடுப்பதற்கு முன், "முழுசு எது?" என்று கேட்டு, ஒரு சட்டியைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். முதல் சட்டி நிரம்பியது, இரண்டு கொட்டை மிச்சம், அவை அடுத்த சட்டிக்குப் போகின்றன. ஒரு முழுசும் ஏழில் இரண்டும். முன்பு நாம் தவிர்த்த அதே இரண்டு சட்டிதான், முழுசு எது என்று தெரிந்த பிறகு குழப்பம் செய்வதில்லை.

வட்டம், சுருக்கம்

வட்டத்தைக் கையால் ஐந்து சமபங்காக வரைய யாராலும் முடியாது. துண்டுகள் சமமாக இல்லாத படத்தில் பின்னம் சொல்லித் தருவதே தவறான பழக்கம். நீளத் தாள் கீற்று, கட்டம் போட்ட நோட்டு, இவை போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் அதைவிட வசதி வேறில்லை. கண்ணாடிமேல் இரும்புச் சட்டம் வைத்து வார்க்கிற கல், ஒரே சட்டத்தில் வார்த்தவை எல்லாம் ஒரே அளவு. ஒரு வரிசையில் எட்டுக் கல்லுக்குச் சாக்பீஸால் எல்லை போட்டு, அதில் நடந்தே கூட்டலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

2/8 + 2/8 = 4/8 என்று எழுதியதை, 1/2 என்று சுருக்கவில்லை என்பதற்காகத் தப்பு என்று அடிக்காதீர்கள். கூட்டல் சரி. சுருக்குவது வேறு வேலை, வேறு நாளில் செய்யட்டும்.

வேறு வேறு பகுதி உள்ள பின்னங்களுக்குப் போகலாமா என்று தெரிய, இருபது கணக்கு ஒரே மாதிரி கொடுப்பதைவிட நாலு கேள்வி வேறு வேறு மாதிரி கேளுங்கள். 2/9 உடன் எதைச் சேர்த்தால் 7/9? 5/8 + 5/8 ஒன்றைவிடப் பெரிதா சிறிதா, கூட்டாமல் சொல். 5/6 + 1/6 எவ்வளவு, அதற்கு வேறு பெயர் உண்டா? கடைசியாக, 1/4 + 1/3 ஐ இப்படியே கூட்டலாமா? "கூடாது, துண்டு ஒரே அளவு இல்லை" என்று காரணத்தோடு பதில் வந்தால் தாராளமாக அடுத்த பாடத்துக்குப் போகலாம். "அது இன்னும் நடத்தலை" என்று மட்டும் வந்தால், அவசரம் வேண்டாம், ஒரே பகுதிக் கணக்கிலேயே இன்னும் சில நாள் இருங்கள்.