டிரக் பின் தொட்டியில் சாக்கெட் பொருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிக்கப் டிரக்கின் பின் தொட்டியில் (சரக்கு ஏற்றும் பகுதியில்) பிற்பாடு மின்சார சாக்கெட் பொருத்துகிறவர்கள் எல்லாரும் பார்ப்பது அதன் முகப்பை. மூடி இறுக்கமா, ரப்பர் சரியா என்று. ஆனால் சாக்கெட் கெடுவது அநேகமாக முதுகுப்பக்கத்தில்தான். தொட்டிச் சுவரின் உள்குழி பல வண்டிகளில் சக்கரத்தின் பக்கம் திறந்தே கிடக்கும். மழையில் ஓடும்போது டயர் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர், சாக்கெட்டின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு முனைகளில் நேராகப் படும். அட்டையில் ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத அளவைச் சொல்லும் எண்) என்று போட்டிருப்பது, மூடியைச் சாத்திய நிலையில் முகப்புக்கு மட்டும் சொன்னதாக இருக்கலாம். வாங்குமுன் படித்துப் பாருங்கள். அந்த எண்ணின் கணக்கே ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் என்பதுதான். பிரஷர் வாஷர் பீச்சலைத் தாங்குமா என்பது வேறு சோதனை, அதற்கு 69 என்று தனி எண் உண்டு. ஆகவே முதுகுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டியோ ரப்பர் உறையோ கட்டாயம் வேண்டும்.

பெட்டி வைத்ததும் அடுத்த தவறு தொடங்குகிறது: சுற்றிலும் ஒரு இடுக்கு விடாமல் சிலிக்கான் பசை அப்புவது. வெயிலில் சூடேறிய பெட்டியின் மேல் திடீரென மழை விழுந்தால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அப்போது கேஸ்கெட்டில் (இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையத்தில்) மயிரிழை விரிசல் இருந்தாலும் அதன் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படிப் போன தண்ணீர் திரும்பி வர வழியில்லை. எனவே மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் மட்டும் சிலிக்கான் போட்டு, கீழ்விளிம்பை விட்டுவிடுங்கள். பெட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். துளை போட்டால் பெட்டியின் ஐபி எண் போய்விடுமே என்று தயங்க வேண்டாம். உள்ளே போன தண்ணீர் வடிந்துவிடுகிற பெட்டிதான் நெடுநாள் உழைக்கும். சிலிக்கானிலும் வகை பார்க்க வேண்டும். காயும்போது வினிகர் நெடி அடிப்பது அசிட்டிக் வகை. அது செம்பை அரிக்கும். நியூட்ரல் க்யூர் என்று குறித்ததை வாங்குங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை ஒரே விதி: உயரம். தொட்டியின் வடிகால் துளைகள் இலையும் மண்ணும் அடைத்துத் தண்ணீர் தேங்குவது சகஜம். மேல்விளிம்பு மடிப்புக்குக் கீழே, பக்கவாட்டில் பார்க்கும்படி பொருத்துங்கள். மூடியின் கீல் மேலே இருந்தால் பிளக்கைப் பிடுங்கியதும் மூடி தானே விழுந்து சாத்திக்கொள்ளும். தொட்டிக்குத் தார்ப்பாய் மூடி இருக்கிறதே என்று நம்பி இதில் அசட்டையாக இருக்காதீர்கள்.

சுவர் மேடு பள்ளமாக இருந்தாலோ, சொரசொரப்பான லைனர் பூச்சு அடித்திருந்தாலோ கேஸ்கெட் சமமாக உட்காராது. ஸ்க்ரூவை இன்னும் முறுக்கினால் ரப்பர் பிதுங்கி வெளியே வரும், அவ்வளவுதான். கேஸ்கெட் படும் வட்டத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். 12 வோல்ட் வட்ட சாக்கெட்டுக்குப் பொதுவாக 29 மி.மீ. துளை தேவைப்படும். துளையின் பிசிறை அரத்தால் எடுத்து, வெறும் தகடு தெரியும் விளிம்புக்கு பிரைமரும் பெயின்ட்டும் அடியுங்கள். வயர் தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பில் மாட்டும் வளையம்) வேண்டும்.

வயரை மேலிருந்து பெட்டிக்குள் இறக்கினால், அதன் மேல் வழியும் தண்ணீர் நேரே உள்ளே போகும். பெட்டியைத் தாண்டி ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, வளைத்து மேலேற்றி, அடிப்பக்கமாக நுழையுங்கள். தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புகள் தொட்டிக்கு ஆகாது. பசை இளகி ஈரம் நுழைந்ததும் செம்புப் புரிகள் அதைத் திரிபோல உறிஞ்சி உள்ளே ஏற்றிவிடும். இணைப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி உறையைச் சீவிப் பார்த்தாலும் உள்ளே பச்சைக் களிம்பு தெரியும். அந்த வயரைப் புதுப்பிக்க முடியாது, நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி எறிய வேண்டியதுதான். வெள்ளீயம் பூசிய செம்பு வயர், கிரிம்ப் இணைப்பு (உலோகக் குழலை வயரின் மேல் நசுக்கிப் பிடிப்பது), அதன் மேல் உட்புறம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்): இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இணைப்பு நிற்கும். சூடாக்கும்போது ஸ்லீவின் இரு முனையிலும் பசை லேசாகப் பிதுங்க வேண்டும்.

சாக்கெட்டில் எந்நேரமும் மின்சாரம் ஓடவிடுவது பலரும் கவனிக்காத தவறு. ஈரச் சேறு இரு முனைகளுக்கும் இடையே மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கடத்தும். ஃபியூஸ் போகும் அளவுக்கு அது வராது. ஆனால் பாசிட்டிவ் முனை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், பேட்டரியும் இறங்கும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று போட்டு, சாவி திருப்பினால் மட்டும் உயிர் வரும்படி செய்யுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தொட்டி அலுமினியம் என்றால் எர்த்தை அதில் முடுக்காமல் தனி நெகட்டிவ் வயர் இழுத்துவிடுங்கள். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும்.

இன்வெர்ட்டர் வழியாக வீட்டு மின்சார சாக்கெட் வைப்பவர்களுக்கு ஆபத்து இதைவிடப் பெரியது. இன்வெர்ட்டர் கேபினுக்குள் இருக்க வேண்டும். தொட்டியில் உள்ள சாக்கெட்டுக்கு, பிளக் செருகியிருக்கும்போதும் சாத்தக்கூடிய ஆழமான மூடி தேவை. மின்கசிவு துண்டிப்பான் கட்டாயம். ஆனால் அதன் டெஸ்ட் பட்டன் வேலை செய்வதால் மட்டும் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்படாமல் மிதந்தால் பட்டன் வேலை செய்யும், உண்மையான கசிவில் துண்டிப்பான் விழாமல் போகலாம். அந்த இணைப்பைத் தரலாமா என்பதை இன்வெர்ட்டரின் கையேட்டில் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். சில மாடல்கள் அப்படி இணைத்ததும் புகைந்துபோகும்.

வேலை முடிந்ததும் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பர் துண்டுகளை நான்கு மூலையிலும் வையுங்கள். சாதாரண ஹோஸால் முன்பக்கம் ஐந்து நிமிடம், சக்கரத்தின் அடியிலிருந்து ஐந்து நிமிடம் அடித்துத் திறந்து பாருங்கள். மேல் மூலைத் தாள் நனைந்திருந்தால் கேஸ்கெட், வயர் நுழைவோரம் நனைந்திருந்தால் குரோமெட். அடிமூலையில் மட்டும் லேசான ஈரம் என்றால் வடிகால் துளை வழியே தெறித்த தண்ணீர், அதை விட்டுவிடலாம்.